ராத்தா கேட்ட கடற்கரை

மாத்தளையில் பக்கத்து வீட்டுச் சுவர் பூச இறக்கியிருந்த கடல் மணலில் நேற்று மழை விழுந்ததும், உப்பும் பாசியும் கலந்த ஒரு வாடை எழுந்தது. நீர்கொழும்புப் பக்கம் சின்ன வயதில் பள்ளிக்கூட விடுமுறைக்கு மாமா வாடகைக்கு எடுத்துத் தரும் கடலோர மாடி வீட்டுக்கு என் மனம் போய்விட்டது. விடிந்ததும் என் மூத்த சகோதரி ராத்தா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்குவாள். வள்ளங்களைத் தாண்டி, நண்டு வளைகளைத் தாண்டி, உம்மா கூப்பிடும் சத்தம் அலைக்குள் அமுங்கிப்போகும் வரைக்கும் நடப்போம். ஈர மணல் குதிகாலுக்குக் கீழே நழுவ நழுவ அவள் சிரிப்பாள்.

இப்போது ராத்தா எழும்ப மாட்டாமல் கட்டிலில் கிடக்கிறாள். இனி வீட்டிலேயே வைத்துப் பார்க்கச் சொல்லி டாக்டர்கள் அனுப்பிவிட்டார்கள். "ஒருக்கா அந்த மணல்ல கால் வெக்கணும்" என்று அவள் கேட்டதால், கூட்டிப்போக வழி பார்க்க, போன வாரம் நான் மட்டும் அங்கே போய்வந்தேன். மாடி வீட்டு மதிலிலேயே அலை அடிக்கிறது. கரை இருந்த இடத்தில் கருங்கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். திரும்பி வந்ததிலிருந்து அவள் கண்ணில் படாமலே திரிந்தேன்.

இன்று காலை அவளே கூப்பிட்டுக் கேட்டாள். "மணல் அப்பிடியே ஈக்குதா தம்பி?"

"இல்ல ராத்தா. எல்லாத்தையும் கடல் எடுத்துட்டுது."

"அப்ப இனிப் போறதுக்கு ஒரு எடமும் இல்ல" என்று சொல்லிவிட்டு, போர்வையைக் கால் மேல் இழுத்துவிடச் சொன்னாள்.