யோகேஸ்வரியின் கொக்கி வில்

சனிக்கிழமை காலை மீன் பையோடு வெள்ளவத்தை வீட்டுப் படியேறும்போதே தொலைபேசி அடித்துக்கொண்டிருந்தது. கிராண்ட்பாஸில் தளபாடப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் ஜுனைதீன் நானா பேசினார்.

"மிஸ் மவுத்தாகிட்டாங்க" என்றார். செல்வி யோகேஸ்வரி இறந்துவிட்டார்.

சில வாரங்களாக அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார் என்பது தெரியும். ஆனாலும் எழும்பி வந்துவிடுவார் என்றே நம்பியிருந்தேன். பையைக் கீழே வைக்கவும் தோன்றாமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். துக்கத்துக்கு முன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. எங்கள் இருவருக்கும் இடையில் ஒரு வாக்குவாதம் வருடக்கணக்காக நடந்துகொண்டிருந்தது. அதை முடிக்காமல் அவர் எப்படிப் போகலாம்?

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். கட்டடப் படம் வரையும் எங்கள் அலுவலகத்துக்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து சேர்ந்தார். கொட்டாஞ்சேனையில் தங்கை புவனேஸ்வரியோடு குடியிருந்தார். ஊரில் ஷெல் விழுந்த ஒரு நாளில் பதுங்குகுழிக்குள் பாய்ந்தபோது அவருடைய இடது முழங்கை முறிந்தது. பிறகு அது முழுதாக நிமிரவே இல்லை. அந்தக் கையால்தான் வரைபடத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு, எங்கள் எல்லோரையும்விட நேரான கோடு போட்டார்.

நான் ஞாயிற்றுக்கிழமைகளில் வில் பழகுகிறவன். கழகத்தில் அப்போது என்னை வெல்ல ஆள் இல்லை, அந்தத் தலைக்கனமும் எனக்குக் குறைவில்லாமல் இருந்தது. ஒருநாள் அவர் மைதானத்துக்கு வந்து, என் வில்லை ஒருமுறை தரச் சொன்னார். பரிதாபப்பட்டுக் கொடுத்தேன். நிமிராத கையில் வில்லைப் பிடித்தால் நாணை எவ்வளவு தூரம் இழுக்க முடியும்? அம்பு பாதி வழியில் புல்லில் குத்தி நின்றது. பலமுறை எய்தார், பலமுறையும் புல்தான். அழுவார் என்று பார்த்தேன். அவரோ என் வில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மிஸ்டர் நடேசன், என்ர கையில பிழை இல்லை. உங்கட வில்லின்ர கையிலதான் பிழை."

அங்கே தொடங்கியது சண்டை. வில்லுக்கு நடுவில் பிடி, அதன் மேலும் கீழும் இரண்டு கைகள். என் வில்லின் கைகள் நுனியில் மெதுவாக முன்பக்கம், அதாவது இலக்குப் பக்கம், வளைந்தவை. இழுக்கும்போது அந்த வளைவும் சேர்ந்து விரியும். பலம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கடைசியில்தான் நிறையும். நிதானமான வில், எய்கிறவரின் சிறு பிழைகளைப் பொறுத்துக்கொள்ளும். இன்னொரு வகை உண்டு. அதன் நுனிகள் கொக்கிபோல முன்பக்கம் மடிந்து விறைப்பாக நிற்கும். எவ்வளவு இழுத்தாலும் அவை விரியாமல் நெம்புகோல்போல வேலை செய்யும். தொடக்கத்திலேயே இழுவை கடுமையாக இருக்கும், போகப்போக இளகும்.

"எனக்கு இழுக்கிற தூரம் குறைவு. அப்ப தொடங்கின உடனேயே பலம் சேரவேணும். கொக்கி நுனிதான் எனக்குச் சரி" என்றார்.

"கொக்கி நுனி முறுகும், நாண் வழுக்கும். முறுகாட்டிலும் கொஞ்ச நாளில வில்லின்ர கை வளைவு விட்டுத் தளர்ந்துபோகும். என்ர வில்லுத்தான் நிலைக்கும்" என்றேன்.

"பாப்பம்."

எதைச் சொன்னாலும் கடைசியில் அவருக்கு அந்த ஒரு சொல்தான். எனக்கு எரிச்சல் மூட்ட அது போதும்.

அதன் பிறகு மாலை நேரங்களில் ஜுனைதீன் நானாவின் பட்டறையே கதி என்று கிடந்தார். மூங்கில் பட்டைகளை அடுக்கி ஒட்டி, ஹெந்தளையில் படகு செய்கிறவர்களிடம் வாங்கிய கண்ணாடி நாரை இரு பக்கமும் பூசினார்கள். "கட்டில் செஞ்சிருக்கன், அலுமாரி செஞ்சிருக்கன், இப்பிடிக் கோணல் சாமான ஒருநாளும் செஞ்சதில்ல மிஸ்" என்று நானா புலம்பிக்கொண்டே செய்தார். முதல் வில் நாணேற்றிய அன்றே கீழ்க்கை முறுகி, நாண் துள்ளிப் பறந்து, நானாவின் தேநீர்க் கோப்பையை உடைத்தது. நான் சிரித்த சிரிப்பு அடுத்த கடைக்கும் கேட்டிருக்கும். யோகேஸ்வரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடுத்த படத்தை வரையத் தொடங்கிவிட்டார். இம்முறை கைகள் முறுகாதபடி அகலம். நாண் வழுக்காதபடி நுனியில் அது படியும் இடத்தில் ஒரு சிறு வாய்க்கால்.

கழகப் போட்டி நாளன்று அந்தப் புது வில்லோடு நானும் யோகேஸ்வரியும் பஸ்ஸில் போனோம். என் வில் கழகத்திலேயே இருந்தது. வழியில் சோதனைச் சாவடி. எல்லோரையும் இறக்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த பெண்ணின் கையில் நீளத் துணிப்பை என்றால் கேட்கவா வேண்டும்! பொலிஸ்காரர் வில்லை வெளியே எடுத்து, "மே மொகக்த?" என்றார், இது என்ன என்று. வில் என்று யோகேஸ்வரி சிங்களத்தில் சொன்னார். அவர் நம்பவில்லை. நாண் இல்லாத கொக்கி வில் இரண்டு பக்கமும் முன்னால் சுருண்டு கிடக்கும். எந்தப் பக்கம் வளைப்பது என்று பார்ப்பவருக்குத் தெரியாது. அந்த மனிதர் அது சுருண்டிருந்த பக்கமாகவே இன்னும் வளைக்கப் போனார்.

"எப்பா மாத்தயா!" வேண்டாம் ஐயா என்று யோகேஸ்வரி போட்ட சத்தத்தில் சாவடியே திரும்பியது. துப்பாக்கிகளும் திரும்பின. நான் இரண்டு கைகளையும் உயர்த்திவிட்டேன். அவரோ வில்லைப் பிடுங்காத குறையாக வாங்கி, ஒரு காலை உள்ளே நுழைத்து, தொடையில் அணைத்து, எதிர்ப்பக்கமாக வளைத்து நாணேற்றிக் காட்டினார். பொலிஸ்காரர் வாங்கி இழுத்துப் பார்த்தார். நாண் லேசில் அசையவில்லை. யோகேஸ்வரியின் கையைப் பார்த்தார், வில்லைப் பார்த்தார், பிறகு சிரித்துவிட்டார். "ஹரி நங்கி, யன்ன. தினாகென என்ன" என்றார். சரி தங்கச்சி, போ, வென்றுகொண்டு வா என்று ஒரு பொலிஸ்காரர் தமிழர் ஒருவரை அனுப்பியதை அந்தக் காலத்தில் நான் வேறெங்கும் கண்டதில்லை.

அந்தப் பொலிஸ்காரர் சொன்னபடியே நடந்தது. தூரத்து இலக்கில் மிஞ்சியவர்கள் நாங்கள் இருவரும். கடலிலிருந்து காற்று. என் கடைசி அம்பு நடு வட்டத்தின் ஓரத்தில் நின்றது. போதும் என்று நினைத்துக்கொண்டேன். அவர் நாணைக் கொஞ்சம்தான் இழுத்தார், விட்டார். முன்பு புல்லில் விழுந்த அதே கையின் அம்பு, மைதானம் முழுவதையும் கடந்து போய் நட்ட நடுவில் தைத்தது. பார்க்க வந்திருந்த ஜுனைதீன் நானா தொப்பியைக் கழற்றி எறிந்தார். எனக்குத் தோற்ற ஆத்திரத்தையும் மீறிக் கண் கலங்கியது. கழகத் தலைவர் வந்து வில்லைத் தடவிப் பார்த்து, எந்த நாட்டு டிசைன் என்று கேட்டார்.

"கொட்டாஞ்சேனை டிசைன், சேர்" என்றார் யோகேஸ்வரி.

திரும்பும்போது நான் விடவில்லை. "இண்டைக்கு வெண்டிட்டியள். ஒரு வருசம் பொறுங்கோ, அது தளரும்" என்றேன். "பாப்பம்" என்றார். ஒவ்வொரு வருடமும் பார்த்தேன். அது தளரவில்லை. நாணை ஒழுங்காக இறக்கி வைப்பதால்தான் என்று நானும் ஒவ்வொரு வருடமும் சொன்னேன். அதில் மட்டும் அவர் கண்டிப்பானவர். "நாணேத்தினா வில்லு வேலைக்குப் போயிட்டுது. வேலை முடிஞ்சா வீட்டுக்கு விடவேணும்" என்பார்.

இறுதிச் சடங்கு முடிந்த மாலை, கொட்டாஞ்சேனை வீட்டில் புவனேஸ்வரி என்னை உள்ளே கூப்பிட்டார். சுவரில் வில் தொங்கியது, நாணேற்றியபடி.

"எய்துபோட்டு வந்த அண்டைக்குத்தான் அக்கா விழுந்தவ. பிறகு இதைத் தொட எங்களுக்குத் தெரியேல்லை. ஆஸ்பத்திரியில கேட்டனான். கிடக்கட்டும், நடேசன் வந்து கழட்டுவார், அவர்தான் பாக்கவேணும் எண்டவ."

இத்தனை வாரம் ஓய்வில்லாமல் வளைந்து நின்ற வில். நாணைக் கழற்றிய பிறகும் அந்தக் கைகள் வளைந்தபடியே சோர்ந்து நின்றால் நான் சொன்னது சரி. வாழ்நாளில் முதல்முறையாக, நான் தோற்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். காலை நுழைத்து, தொடையில் அணைத்து வளைத்து, நாணைக் கழற்றினேன்.

வில்லின் இரண்டு கைகளும் என் பிடியை உதறிக்கொண்டு முன்பக்கம் பாய்ந்தன. செய்த அன்று சுருண்டு கிடந்த அதே வளைவு.

"என்ன, சரியா இருக்கோ?" என்றார் புவனேஸ்வரி.

"ஓம். அக்கா வெண்டிட்டா" என்றேன்.

வாக்குவாதம் முடிந்தது, யோகேஸ்வரி. உங்கள் வில்லை நானே வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். நீங்களும் போய் வாருங்கள்.