சில்வர் ஓக் துப்பாக்கி

அந்தத் துப்பாக்கியை முதலில் செய்தவள் நான். இதைச் சொல்லிக்கொள்ள இன்றைக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஏற்காட்டு விடுதிப் பள்ளி ஒன்றில் ஓவிய ஆசிரியையாக இருந்தேன். சேலத்துக்குப் போய்ப் பார்த்த ஓர் ஆங்கில விண்வெளிப் படத்தில் கதாநாயகன் ஓர் ஒளித் துப்பாக்கி வைத்திருந்தான். வாரப் பத்திரிகையில் வந்திருந்த தீப்பெட்டி அளவுப் படத்தைப் பார்த்து, ஆண்டுவிழா நாடகத்துக்காக அதைச் சில்வர் ஓக் மரத்தில் செதுக்கினேன். மூன்று வாரம் ஆயிற்று. வெள்ளிப் பெயின்ட் காய்ந்த அன்று ஆசிரியர் அறையில் அது கைமாறிக் கைமாறிப் போனது. ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கடைசியாக வாங்கிப் பார்த்தவர் லேப் அட்டெண்டர். கரடியூர்க்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர்.

"நொம்ப நல்லா இருக்குதுங்க டீச்சர். உள்ளுக்குள்ள ஒரு பல்பு மட்டும் வெச்சுப் பாக்கட்டுங்களா?"

எல்லோர் முன்னாலும் கேட்டார். எப்படி மறுப்பது?

அவர் பல்போடு நிற்கவில்லை. மருந்தடிக்கும் பம்ப்பின் அலுமினியக் குழாய் வந்ததும் என் மரக்குழாய் போயிற்று. உடைந்த மைக்ராஸ்கோப்பின் கண்குழல், குறிபார்க்கும் கருவியாக மேலே ஏறியது. விசைக்குப் பின்னால் காலிங் பெல் சுவிட்ச். அழுத்தினால் சிவப்பு வெளிச்சம் சுவரில் போய் விழும். ஒவ்வொன்றையும் மாட்டுமுன் என்னிடம் வந்து நிற்பார். "ஏனுங்க டீச்சர், இது உங்களுக்குச் சம்மதந்தானுங்களே?" நான் தலையாட்டுவேன். முடிவில் என்னுடையதாக மிஞ்சியது கைப்பிடி மட்டுமே. பத்திரிகைப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இப்போதுதான் அது அச்சு அசலாக இருந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. தலைமையாசிரியர் வேறு அதை "அட்டெண்டர் துப்பாக்கி" என்று சொல்ல ஆரம்பித்திருந்தார்.

விழா நாளன்று மதியம் ஒப்பனை அறையில் யாருமில்லை. பின்தகட்டைக் கழற்றி, காகிதம் வெட்டும் கத்தரியால் உள்ளே இருந்த கம்பியை வெட்டிவிட்டுத் தகட்டை மறுபடி முடுக்கினேன்.

மேடையில் எட்டாம் வகுப்புப் பெண் விசையை அழுத்தினாள். வெளிச்சம் வரவில்லை. வெளிச்சம் பட்டதும் விழவேண்டிய எதிரி ராஜா, எப்போது விழுவது என்று தெரியாமல் முழித்துக்கொண்டு நின்றான். அரங்கமே சிரித்தது. அந்தப் பெண் அழுதுகொண்டே உள்ளே ஓடிவந்தாள். அட்டெண்டர் தகட்டைத் திறந்தார். கம்பியின் வெட்டுமுனையை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். கோபத்தோடு வந்த தலைமையாசிரியரிடம், "நான் கம்பியைப் பத்தவெச்சது சரியில்லைங்க சார், உட்டுப்போச்சுங்க" என்றார்.

அதன்பின் அவர் எதையும் செய்து பார்க்கக் கேட்டு என்னிடம் வரவில்லை. அடுத்த ஆண்டே வேறு பள்ளிக்குப் போய்விட்டார்.

பல வருடம் கழித்து, சேலம் பஸ் நிலையத்தில் மகளோடு நின்றிருந்தார். நான் ஒதுங்கிப் போவதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார். "கண்ணு, நான் சொல்லுவேனல்லோ, அந்தத் துப்பாக்கி... அதைச் செஞ்சவங்க இந்த டீச்சர்தான்."

அந்தப் பெண் என்னை வியப்போடு பார்த்தாள். 'செய்தது உன் அப்பா. கெடுத்தது நான்' என்று சொல்லியிருக்கலாம். சிரித்து வைத்தேன். ஏற்காடு பஸ் வந்தது, ஏறிக்கொண்டேன்.

மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திரும்பித் திரும்பி ஏறியபோது, வெட்கப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நெஞ்சில் எரிந்தது வெட்கமில்லை. அப்படி ஒரு மனசு அந்த மனுஷனுக்கு வாய்த்திருக்கிறதே என்ற பொறாமை.