முகத்துவாரம் வெட்டிய வாரம்

எனக்கு மனிதர்களோடு பேசத் தெரியாது என்று அலுவலகத்தில் சொல்வார்கள். தெரியாமல் என்ன, பிடிக்காது, அவ்வளவுதான். ஆறுகளையும் வாய்க்கால்களையும் கவனிக்கும் அரசாங்க அலுவலகம் ஒன்றில் காரைக்காலில் எனக்கு எழுத்தர் வேலை. குடியிருந்தது திருமலைராயன்பட்டினத்தில், ஓர் ஓட்டு வீட்டின் பின்கட்டில். அம்மா போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. முப்பத்தாறு வயதுக்காரனுக்குப் பெண் பார்க்கக் கிளம்புகிற உறவு எனக்கு யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நான் வாயைத் திறப்பது சோறு தின்ன மட்டும்தான்.

எழுபத்தேழு, எழுபத்தெட்டு வாக்கில் அந்த நாய் வந்து ஒட்டிக்கொண்டது. பேருந்தை விட்டு இறங்கி நடந்தால் பின்னால் வரும். செவலை நிறம், ஒரு காது மடிந்திருக்கும். ‘போடா’ என்றால் போகாது. கல்லைக் கையில் எடுத்தால் ஓடுமா என்று பார்த்தேன், எதிரே உட்கார்ந்துகொண்டது! அதற்குப் பிறகு கல்லைப் போட்டுவிட்டேன். பேரெல்லாம் வைக்கவில்லை. ‘வாடா’ என்றால் வரும், எனக்கு அது போதும்.

சாயங்காலம் இரண்டு பேரும் கிழக்கே நடப்போம். பட்டினச்சேரிக் குப்பத்து நாய்கள் குரைத்துத் தீர்க்கும். இவன் என் காலோடு ஒட்டிக்கொண்டு, ஒன்றும் காதில் விழாதவன் மாதிரி வருவான். குப்பத்தைத் தாண்டினால் ஆற்றின் முகத்துவாரம். மழைக்காலம் போய்விட்டால் அலை மணலைத் தள்ளித் தள்ளி ஆற்றின் வாயை அடைத்துவிடும். தை, மாசியிலிருந்து புரட்டாசி வரை அந்த மணல்மேல் செருப்பு நனையாமல் அக்கரை போகலாம்.

அக்கரையில் காட்டிலாகாவின் சவுக்குத் தோப்பு. அதற்குப் பின்னால் உப்பங்கழி, சேறு, முழங்கால் உயரத்துக்கு வேரை வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற அலையாத்திச் செடிகள். யாரும் வெட்டக் கூடாது, மாடு மேய்க்கக் கூடாது என்று பலகை எழுதி நட்டிருந்தார்கள். நாய் நண்டு வளையைத் தோண்டி மூக்கைக் கடிபடக் கொடுத்துவிட்டு, என்னைப் பார்த்து முறைக்கும். மடையான் கொக்கு ஒன்று கழியோரத்தில் நகராமல் நின்றுகொண்டே இருக்கும். சவுக்கைக் காற்று சீவுகிற சத்தத்தில் நான் பேசிக்கொண்டே நடப்பேன். ஆமாம், நாயோடுதான். தலைமை எழுத்தர் அன்றைக்கு என்ன சொன்னார், அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும், எல்லாம் அதனிடம் கொட்டுவேன். அம்மாவைப் பற்றியும் சொல்லியிருக்கிறேன்.

தோப்புக் காவல்காரருக்கும் ஏறக்குறைய என் வயதுதான். முதல் நாளே மடக்கினார்.

“போர்டு படிச்சீங்களா சார்?”

“படிச்சேன்.”

“நாய் படிச்சுதா?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றிலிருந்து அவர் என்னைத் தடுக்கவில்லை. நாய்க்கு மீன்தலை எடுத்து வைத்திருப்பார். நாங்கள் இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொண்டதில்லை. அதனாலேயே அவரைப் பிடித்திருந்தது.

இரண்டு வருடம் இப்படிப் போனது. ஒரு புரட்டாசியில் என்னை ஏனாமுக்கு மாற்றினார்கள். புதுச்சேரி அரசாங்கத்தில் வேலை பார்ப்பவன் தலையெழுத்து இது. காரைக்காலில் கிடப்பவனைத் தூக்கி, ஆந்திராவுக்கு நடுவில் இருக்கும் ஏனாமில் போடுவார்கள். பேருந்து, ரயில், மறுபடி ரயில், மறுபடி பேருந்து. தெலுங்கில் எனக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கேட்கத் தெரியாது. அதெல்லாம் போகட்டும், நாயை என்ன செய்வது என்பதுதான் என் கவலையாக இருந்தது.

ரயிலில் நாய்க்குத் தனிப் பெட்டி உண்டு, சீட்டு வாங்க வேண்டும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். தலைமை எழுத்தரிடம் அது நிஜமா என்று கேட்டுத் தொலைத்தேன்.

“மாத்தல்ல போறவன் பொண்டாட்டி புள்ளைய அழைச்சிட்டுப் போவான், பாத்திருக்கேன். நீ தெருநாயை அழைச்சிட்டுப் போறியா? நல்லாருக்குய்யா ஒன் குடும்பம்!”

அறை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் நாயை விட்டுவிட்டுப் போனேன். வேறு காரணம் எதுவும் கிடையாது. போகிற ஊரில் வீட்டுக்காரர் ஒப்பமாட்டார், வழிச்செலவு கட்டாது என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டதெல்லாம் பொய்.

காவல்காரர் வைத்துக்கொள்கிறேன் என்றார். ஆனால் அவிழ்த்துவிட்டால் மணல்மேல் நடந்து வீட்டுக்கே வந்துவிடுமே! பூட்டின வாசலில் அது வந்து கிடப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்த வாரம்தான் அந்தக் கோப்பு என் மேசைக்கு வந்தது. ஐப்பசி மழைக்கு முன்னால் வருடா வருடம் ஆள் விட்டு முகத்துவாரத்தை வெட்டிவிடுவார்கள், இல்லாவிட்டால் வெள்ளம் வடியாமல் வயல் முழுகிவிடும். புதன்கிழமை வெட்டு. மேலே அணையில் திறந்த தண்ணீர் வியாழக்கிழமை கடைமடைக்கு வந்து சேரும். கடிதத்தைத் தட்டச்சு செய்தவனே நான்தான். வியாழக்கிழமை காலையில்தான் எனக்கும் பேருந்து. ஆறு ஓட ஆரம்பித்துவிட்டால் நாய் இக்கரை வராது. மேற்கே பாலம் வழியாகச் சுற்றி வர அதற்கு வழி தெரியாது. தை பிறப்பதற்குள் என்னை மறந்துவிடும் என்று கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை காலையில் அதை அழைத்துக்கொண்டு போய்க் காவல்காரர் குடிசையில் கட்டினேன், நாளைக்கு ஆற்றில் தண்ணீர் வந்துவிடும் என்று அவரிடம் சொன்னேன். திரும்பி வந்து இக்கரையில் நின்றேன். ஆட்கள் மண்வெட்டியால் வாய் பிளந்தார்கள். தேங்கிக் கிடந்த தண்ணீர் கடலுக்குள் பாய்ந்தது. அக்கரையிலிருந்து நாயின் குரல் கேட்டது. நான் பெரிய புத்திசாலி என்ற நினைப்பில் வீட்டுக்குப் போய்ப் பெட்டி கட்டினேன்.

ஏனாமில் ஒரு மாடி அறை. சாயங்காலம் கோதாவரிக் கரையில் போய் உட்காருவேன். பேசுவதற்கு வாய் தானாகத் திறக்கும், பக்கத்தில் ஒன்றும் இருக்காது. ஊரில் நான் தனியாள் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு பெரிய பேத்தல் என்று அங்கேதான் தெரிந்தது. மூன்று மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பொங்கலுக்கு விடுப்புப் போட்டேன். உறவுக்காரர் யாரையும் பார்க்க அல்ல. அந்த நாயைப் பார்க்கத்தான்.

முகத்துவாரம் திறந்து கிடந்ததால் பாலம் வழியாக மேற்கிலிருந்து சுற்றிக்கொண்டு போனேன். வழிக் கடையில் நாய்க்கென்று பத்துப் பொறை ரொட்டி வாங்கினேன், காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். தோப்பு ஓரத்திலேயே காவல்காரர் என்னைப் பார்த்துவிட்டார். வேகமாக நடந்து வந்து குறுக்கே நின்றார்.

“எங்கே அவன்?” என்றேன்.

“இருக்கு சார். கொஞ்சம் நில்லுங்க.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க சொன்ன தண்ணி வரவேயில்ல. வெட்டுன வாய ரெண்டே நாள்ல அலை மூடிடுச்சு. கயித்தக் கடிச்சிக்கிட்டு மணல்மேலயே நடந்து போயிடுச்சு. உங்க வாசல்லதான் கெடந்துச்சு. தூக்கியாந்தேன். மறுபடி போச்சு. மறுபடி தூக்கியாந்தேன். அப்புறம் மழை புடிச்சு ஆறு ஓடுச்சா, போவ முடியாம கரையில நின்னு எட்டு நாளு ஊளை. சோத்தத் தொடல. செத்துப்போயிடும்னுதான் நெனச்சேன்.”

கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, வரவில்லை என்று விவசாயிகள் கொடுத்த மனுக்களைப் பத்து வருடமாக என் கையால் வாங்கிப் பதிந்தவன் நான். இந்த ஊரில் சின்னப் பிள்ளைகூடத் தண்ணீர் சொன்ன நாளில் வரும் என்று நம்பாது. நான் தட்டச்சு செய்த காகிதத்தை நானே நம்பியிருக்கிறேன்! ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது எனக்கென்றே சொன்னது.

“இப்ப பதினஞ்சு நாளாத்தான் என் கையால வாங்கித் திங்குது. நீங்க எப்பங்க திரும்பிப் போறீங்க?”

“நாளன்னைக்கு.”

அவர் குடிசைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். “கோவிச்சுக்காதீங்க சார். பாக்குறதுன்னா இங்கேர்ந்தே பாத்துட்டுப் போயிடுங்க. வாடைக்காத்து அங்கேர்ந்து இப்புடி அடிக்கிது. அதுக்கு உங்க வாசம் தெரியாது.”

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அது என் நாய்ங்க.”

“ஆமாங்க சார். அதனாலதான் சொல்றேன்.”

சவுக்கு மரங்களுக்கு நடுவே பார்த்தேன். குடிசை நிழலில் படுத்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. ஓர் ஈ வந்து உட்கார, அந்த மடிந்த காதை உதறிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது. ‘வாடா’ என்று ஒரு சொல் சொன்னால் போதும். வந்துவிடும். கையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அழுகையும் வந்தது, காவல்காரர் எதிரிலேயே அழுதேன்.

பொறையை அவரிடம் நீட்டினேன். இதையாவது போடுங்கள் என்றேன். அவர் கையை நீட்டவில்லை.

“வேணாம் சார். உங்க கை பட்டது. மோந்து பாத்தா கண்டுபுடிச்சிடும்.”

பாலம் வரை நடந்து வந்து பேருந்து ஏறினேன். காரைக்கால் வந்து சேர்வதற்குள் பத்துப் பொறையையும் நானே தின்று தீர்த்தேன்.