ஆட்டுத் தொட்டியாகக் கிடந்த படகு

இடைசெவலில் ஓர் ஆட்டுக்காரரிடம் தண்ணீர்த் தொட்டியாகக் கிடந்த பழைய அலுமினிய மீன்பிடிப் படகை என் மகள் வாங்கினாள். இணையத்தில் தேடிப் படித்து, இருவருமாக அடிமண்ணைச் சுரண்டி, பெயின்ட் அடித்தோம். கண்மாயில் அவள் ஏறப்போனபோது, வேடிக்கை பார்க்க வந்த ஆட்டுக்காரர் கத்தினார்.

"ஏட்டி, ஏறாத! மினுக்கிட்டா மிதந்துருமா? மொதல்ல வெறும் படகை விட்டுப் பாரு."

"ஒங்க வீட்ல சொட்டுகூட ஒழுகலையே, அண்ணாச்சி" என்றேன்.

கயிறு கட்டி, வெறும் படகைத் தண்ணீரில் விட்டோம். கால் மணி நேரத்தில் மூழ்கியது. தகடுகளை இணைக்கும் ரிவெட் ஆணிகளின் துளைகளை அதுவரை அடைத்திருந்தது, நாங்கள் சுரண்டியெறிந்த கரிசல் மண்தான்.

மகளுக்கு நீச்சல் தெரியாது. ரிவெட்டெல்லாம் மாற்றிவிட்டோம். ஆனாலும் ஒவ்வொரு முறையும் படகைச் செங்கல்மேல் ஏற்றி, உள்ளே தண்ணீர் நிரப்பி, அடியில் நானே கைவைத்துத் தடவிப் பார்த்த பிறகுதான் அவளை ஏறவிடுகிறேன்.