நடுவில் ஒரு மீன்தொட்டி

என் வீட்டுக்காரர் என்னோடு நேராகப் பேச மாட்டார். சண்டை கிடையாது, கோபம் கிடையாது, வேறு தொடுப்பும் கிடையாது. பழக்கம், அவ்வளவுதான். திருச்சுழியிலிருந்து நான் கல்யாணமாகி அருப்புக்கோட்டைக்கு வந்தபோது அந்த வீட்டில் மாமனார், மாமியார், கொழுந்தன்மார், நாத்தனார் என்று எந்நேரமும் ஆள் நிறைந்திருக்கும். பெரியவர்கள் முன்னால் பெண்டாட்டியிடம் பேசுவது மரியாதை இல்லை என்று வளர்ந்த மனிதர். இரும்புக் கடையிலிருந்து வந்ததும் தன் அம்மாவைப் பார்த்து, "ஆத்தா, சோறு வைக்கச் சொல்லு" என்பார். நான் ரெண்டடி தள்ளித்தான் நின்றுகொண்டிருப்பேன். மாமியார் என் பக்கம் திரும்பி, "சோறு வையி" என்பார். எனக்கென்ன காதா செவிடு?

கொழுந்தன்மார் தனிக்குடித்தனம் போனார்கள். பெரியவர்கள் காலமானார்கள். இனியாவது பேசுவார் என்று பார்த்தேன். அதற்குள் மகளுக்குப் பேச்சு வந்துவிட்டது. "ஒங்கம்மாகிட்டச் சொல்லு, ராத்திரிக்கு ரெண்டு தோச போதும்னு" என்பார் அவர். "ஒங்கப்பாகிட்டச் சொல்லு, எண்ணெ தீந்துபோச்சுன்னு" என்பேன் நானும். வேறு என்ன செய்ய? இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சேதி சுமந்தே அந்தப் பிள்ளை வளர்ந்தது. அவளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு வந்த அன்றுதான் எனக்கு உறைத்தது, இனி இந்த வீட்டில் பேச்சுக்கு வழியே இல்லை என்று.

அப்படியேதான் ஆனது. தொண்டையைச் செருமினால் மோர் வேண்டும். தட்டைத் தள்ளினால் போதும். நானாக எதையாவது கேட்டால் "ம்" என்று ஒரு சத்தம் வரும், அதுவும் கதவுக்கோ ஜன்னலுக்கோ சொன்ன மாதிரி இருக்கும். அடுப்படியில் நின்று எத்தனை நாள் அழுதிருப்பேன். உனக்கு என்ன குறை என்று யாராவது கேட்டால் சொல்லத் தெரியாது. அடிக்கிறாரா, இல்லை. குடிக்கிறாரா, இல்லை. ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து எனக்கென்று ஒரு வார்த்தை பேசிவிட மாட்டாரா என்று கிடந்தேன். அது ஒன்றுதான் குறை.

தொண்ணூறுகளின் நடுவில் அவருக்கு பிரஷர் வந்தது. மதுரையில் டாக்டரைப் பார்க்கப் போன இடத்தில், காத்திருக்கும் அறையில் ஒரு மீன்தொட்டி இருந்திருக்கிறது. டோக்கன் கூப்பிட்டதுகூடத் தெரியாமல் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். கூடப் போன கடைப்பிள்ளை வந்து சொன்னான். அடுத்த மாதம் இரும்பு லோடு வந்த லாரியில், கம்பிக் கட்டுகளுக்கு நடுவே சாக்குச் சுற்றி ஒரு கண்ணாடித் தொட்டி வந்து இறங்கியது. உடையாமல் வந்ததே பெரிய அதிசயம். பின்னாலேயே அவர் பஸ்ஸில் மீன் வாங்கி வந்தார். நீலமும் மஞ்சளுமாக ஏழு மீன். சிக்லிட் என்று பெயராம், ஆப்பிரிக்காவில் ஏதோ ஏரி மீனாம். இதையும் என்னிடம் சொல்லவில்லை. எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார், நான் கேட்டுக்கொண்டேன்.

முதல் நாள் சாயங்காலமே நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார். நான் அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். "பந்தக்குடிக்காரன் இன்னைக்கும் கடைக்கு வரல" என்று குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று எட்டிப் பார்த்தால் யாரும் இல்லை. மீனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்! கடையில் யார் வந்தார், யார் பேரம் பேசினார், எந்தக் கால் வலிக்கிறது என்று மடைதிறந்த மாதிரி பேசினார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. இத்தனை வருசம் ஆக்கிப்போட்டவள் இங்கே நிற்கிறேன், நேற்று வந்த மீனுக்குக் கிடைத்த கொடுப்பினையைப் பாரேன் என்று கத்தியைத் தரையில் போட்டேன்.

ஆனால் வெங்காயம் உரித்து முடித்த பிறகும் நான் அங்கிருந்து நகரவில்லை. அவருக்கு முழங்கால் வலி இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

பிறகு தினமும் அந்த நேரத்துக்கு அடுப்படியில் எனக்கு ஏதாவது வேலை இருந்தது. பருப்பில் கல் பொறுக்குவேன், பொறுக்கியதையே மறுபடியும் பொறுக்குவேன். ஒருநாள் அவர், "ஒங்கம்மா வச்ச புளிக்கொழம்பு இன்னைக்கு நல்லா இருந்துச்சு" என்றார். மீனுக்கெல்லாம் நான் அம்மாவாகிப்போனேன். சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. ஆசையை அடக்க முடியாமல், "நாளைக்கும் வைக்கட்டுமா?" என்று கேட்டுவிட்டேன்.

அவ்வளவுதான். எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். ஒரு வாரத்துக்கு மீனிடமும் பேச்சு இல்லை. என் வாயை நானே அடித்துக்கொண்டேன். குரலாவது கேட்டுக்கொண்டிருந்தது, அதையும் கெடுத்துக்கொண்டாயே பாவி என்று. மறுபடி அவர் பேசத் தொடங்கியபோது, இனி செத்தாலும் வாயைத் திறப்பதில்லை என்று முடிவுசெய்தேன்.

அந்த மீன்களுக்கு வந்ததிலிருந்தே சீர் இல்லை. துடுப்பைச் சுருட்டிக்கொண்டு மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. நீலம் வெளுத்துச் சாம்பலாகிவிட்டது. அருமையாக வளர்க்கிற மீனாயிற்றே என்று அவர் நல்ல தண்ணீரைத்தான் ஊற்றுவார். எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் குழாயில் என்றைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. வந்தால் குடத்தோடு குடம் முட்டும், குடுமிப்பிடிச் சண்டை நடக்கும். அப்படி நான் இடுப்பொடியக் கொண்டுவந்த தண்ணீரை மீனுக்கு ஊற்றினால் பற்றிக்கொண்டு வருமா வராதா? ஒரு தடவை குழாய் ரொம்ப நாள் ஏமாற்றிவிட்டது. குடிக்கவே தண்ணீர் இல்லை. சரி, நடப்பது நடக்கட்டும் என்று போர்வெல் தண்ணீரைப் பிடித்துத் தொட்டியில் ஊற்றினேன். சோப்பு நுரைக்காத தண்ணீர், பருப்பு வேகாத தண்ணீர், குடத்தில் வெள்ளையாய்ப் பொரிந்து நிற்கிற உப்பு. ஊற்றிவிட்டுச் சாமியைக் கும்பிட்டேன்.

நாலைந்து நாளில் அதுகளுக்கு உயிர் வந்துவிட்டது! நீலம் என்றால் அப்படி ஒரு நீலம், மஞ்சள் என்றால் மாங்காய் பழுத்த மஞ்சள். மனுசன் குடிக்க முடியாத எங்கள் ஊர்த் தண்ணீர் அந்த ஆப்பிரிக்காக்காரனுக்கு அமிர்தமாக இருந்திருக்கிறது. அவர் குனிந்து பார்த்து, "தண்ணிய மாத்திட்டாளா ஒங்கம்மா? கெட்டிக்காரிதான்" என்றார். நான் கதவுக்குப் பின்னால் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

உயிர் வந்ததும் வீராப்பும் வந்தது. பெரிய நீலம் மற்றதையெல்லாம் விரட்டி விரட்டிக் கடித்தது. வால் கிழிந்து, செதில் உதிர்ந்து ஒவ்வொன்றாகச் செத்து மிதந்தன. கடைசியில் அந்த நீலம் மட்டும் தொட்டி முழுவதையும் கட்டி ஆண்டுகொண்டு ஒற்றையாய்ச் சுற்றியது. அவர் அதனிடம் ரொம்ப நாள் பேசினார். அதனிடம் பேசியபோதுதான் தம்பிகளை நினைத்து அவர் ஏங்குவது எனக்குத் தெரிந்தது. முன்பு ஒரு தடவை நான் நோயில் நெடுநாள் படுத்துக் கிடந்தபோது அவர் பயந்துபோனதும் தெரிந்தது.

ஒரு நாள் அவர் கடைக்குப் போன பிறகு பார்த்தால், நீலம் வயிற்றைக் காட்டி மிதக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மீனுக்காக இல்லை. காலித் தொட்டியைப் பார்த்தால் இந்த மனிதர் மறுபடி ஊமையாகிவிடுவாரே. இன்னொரு தடவை அந்த வீட்டில் அப்படி இருக்க என்னால் முடியாது. சத்தியமாக முடியாது. வீட்டைப் பூட்டினேன், மதுரை பஸ்ஸில் ஏறிவிட்டேன். அதுவரை விருதுநகருக்குக்கூடத் தனியாகப் போனதில்லை.

விசாரித்து விசாரித்து மீன் கடையைப் பிடித்தேன். "நீலத்துல ஒண்ணு குடுங்கண்ணே" என்றேன். கடைக்காரர் முந்தைய கதையைக் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"கொஞ்சமா விட்டா ஒண்ண ஒண்ணு கொன்னுரும்மா. கூட்டமா விடுங்க. எத விரட்டுறதுன்னு தெரியாமச் சும்மா கெடக்கும்."

எட்டாக வாங்கினேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நிற்கத்தான் இடம். உட்கார்ந்திருந்த அம்மா, "பையக் குடுங்க, மடியில வச்சுக்கிறேன்" என்றார். "ஐயோ வேணாங்க, உசிரு இருக்கு" என்றேன். காற்றடைத்த பையை நெஞ்சோடு அணைத்து நின்றுகொண்டே வந்தேன்.

அவர் மத்தியானச் சாப்பாட்டுக்கு வருவாரே என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. தெருமுனை திரும்பினால், பூட்டிய வீட்டு வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறார். பொழுது சாய்ந்துவிட்டது. கடைக்குத் திரும்பப் போகவே இல்லை போல. செருப்பு ஒன்று கிடக்கிறது, இன்னொன்று காலில் இருக்கிறது. என்னைக் கண்டதும் எழுந்து வந்தார்.

"எங்க போன நீ?" என்றார். என்னைப் பார்த்து. என் முகத்தைப் பார்த்து. "பக்கத்துல எல்லார்கிட்டயும் கேட்டுட்டேன். கெணத்தக்கூட எட்டிப் பாத்துட்டு வந்தேன். பயந்துட்டேன்."

எத்தனை வருசமாக நான் காத்துக் கிடந்த வார்த்தை! பதிலுக்கு ஆயிரம் சொல்லியிருக்கலாம். பையைத் தூக்கிக் காட்டி, "மீனு" என்றேன். அவ்வளவுதான் வந்தது.

பையைக் கையில் வாங்கிக்கொண்டார். உள்ளே போய், செத்ததை எடுத்துப் போட்டுவிட்டு, பையைக் கொஞ்ச நேரம் தண்ணீரில் மிதக்கவிட்டு, பிறகு அவிழ்த்துவிட்டார். எட்டும் சிதறி ஓடின. நான் அவர் பக்கத்திலேயே நின்றேன். இன்னும் ஏதாவது சொல்வார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுத் தொட்டி முன்னால் உட்கார்ந்தார்.

"ஒங்கம்மா காலையிலருந்து ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டா" என்றார் மீன்களிடம். "போயிச் சாப்பிடச் சொல்லுங்க."

நான் அடுப்படிக்குப் போய்த் தட்டை எடுத்து வைத்தேன். சோறு இறங்கவில்லை. யாரைக் குறைசொல்ல? எட்டு மீனையும் நானேதான் போய் வாங்கிக்கொண்டு வந்தேன்.