எகிப்துக்குப் போய்வந்த பெட்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்கள் குப்பத்துக்கு ஒரு பேராசிரியர் வந்து இறங்கினார். கூடவே, கயிறு கட்டி இழுக்கிற ஒரு பெட்டி. அது மண்ணுக்குள் ரேடியோ அலையை அனுப்புமாம். புதைந்து கிடப்பதைக் காகிதத்தில் கோடு கோடாகப் போட்டுக் காட்டுமாம். எகிப்தில் ராஜாக்களின் சமாதிகளையே காட்டிக்கொடுத்த பெட்டியாம். பழவேற்காட்டில் வெள்ளைக்கார வியாபாரிகளின் பழைய கல்லறைகளைத் தேட அதைக் கொண்டுவந்திருந்தார். வாயைத் திறந்தால் எகிப்துதான். எங்கள் வீட்டில் இறால் குழம்பு ஊற்றினால், எகிப்தில் இதைவிட நன்றாக இருக்கும் என்பார். தட்டை மட்டும் வழித்துத் தின்றுவிடுவார்.

ஏரிக்கரை முழுக்க அந்தப் பெட்டியை இழுத்தார்கள். காகிதத்தில் விழுந்தது வெறும் கறுப்பு.

“உப்பு மண்ணு. உப்பு இருந்தா இந்த மெஷினுக்குக் கண்ணு தெரியாது” என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார். உப்பு ஏரிக்கு வந்து உப்பைக் குறை சொல்கிற படிப்பு என்ன படிப்போ!

இதை என் நைனா கேட்டுத் தொலைத்தார். அவருடைய படகில்தான் பெட்டி ஏரியைக் கடந்து போய்வந்தது. அதற்கு முந்தைய வருஷம் வீசிய புயல் எங்கள் இடுகாட்டைத் தரையோடு தரையாக்கியிருந்தது. அம்மாவைப் புதைத்த இடம் எதுவென்று யாருக்கும் தெரியவில்லை. நைனாவுக்கு நெஞ்சுவலி வேறு. செத்தால் அவள் பக்கத்தில்தான் புதைக்க வேண்டும் என்று ஒரே பிடிவாதம். எங்கள் பக்கம் பிணத்தின்மேல் ஒரு கூடை உப்பைக் கொட்டித்தான் குழியை மூடுவோம். நைனாவின் மூளை அந்த உப்பைப் பிடித்துக்கொண்டது.

“சார், உப்பு இருந்தா இதுக்குக் கண்ணு தெரியாதுன்னீங்களே. எம் பொண்டாட்டி மேல உப்பு கொட்னது நான்தான் சார். எங்க கண்ணு தெரியலியோ, அங்கதான் அவ கீறா! கொஞ்சம் இஸ்து காட்டுங்க சார்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “இன்னா நைனா, இந்த ஊரே உப்புதானே!”

யார் காதில் விழுந்தது? பேராசிரியருக்கு மறுநாளும் படகு வேண்டும். சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியை இடுகாட்டில் இழுக்கச் சொன்னார். மேட்டுப் பக்கம் உப்பு கொஞ்சம் குறைவோ என்னவோ, ஏதோ கோடுகள் தெரிந்தன. ஓரிடத்தில் காகிதம் கறுத்தது.

“இங்கதானா சார்?”

“இருக்கலாம், இருக்கலாம்” என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

நைனா குப்புற விழுந்து அந்த மண்ணைக் கட்டிக்கொண்டு அழுதார். அந்த ஆள் அதைப் போட்டோ எடுத்தார். பாவி மனுஷன்!

அவர் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டார். நைனா அந்த இடத்தில் கல் நட்டு, வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைத்தார். “உங்கம்மாகிட்ட சொல்ட்டு வந்துட்றேன்” என்று அங்கே போய் நின்றுவிட்டுத்தான் வலையை எடுப்பார். பார்த்துப் பார்த்து எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது. பெரிய புத்திசாலி நான், பூ வாங்கிக்கொண்டு போனேன்.

நைனா போனபோது அந்தக் கல்லை ஒட்டித்தான் குழி வெட்டினார்கள். வெட்டும்போது கல் இருந்த பக்கம் சரிந்து விழுந்தது. உள்ளே வெள்ளைச் சிப்பிகள், அடுக்கு கலையாமல் கிடந்தன. எந்தக் காலத்திலும் மண்வெட்டி படாத மண்.

“யண்ணா, இங்க யாருமே இல்லியே” என்றான் குழி வெட்டியவன்.

“வாய மூட்றா!” என்று கத்தினேன்.

நைனாவை இறக்கினார்கள். உப்புக் கூடையை என் கையில் கொடுத்தார்கள். கொட்டினேன். அங்கே அவருக்குத் துணை அந்த உப்பு மட்டும்தான்.