மூடியக்காவும் தேள் ஈக்களும்

சோறு கொதிக்கும்போது அக்கா மூடியைத் திறந்து பார்க்கிறாள். அடுப்பைத் தணித்துவிட்டு மறுபடியும் பார்க்கிறாள். "அது எங்கயும் ஓடிடாது, விடேன்," என்கிறார் பஸ் ஓட்டும் கணவர். "வெந்துடுச்சான்னு பாத்தேங்க." கல்யாணமாகி வெளியூர் போன மகளையும் விட்டுவைப்பதில்லை. போனை எடுத்ததுமே, "விசேஷம் ஏதாவது உண்டாடி?" என்பாள். அக்கா வேலை பார்க்கும் பூச்சி ஆராய்ச்சிக்கூடத்தில் அவளுக்கு மூடியக்கா என்றே பெயர்.

அங்கே அவள் வளர்ப்பது தேள் ஈக்களை. ஆண் ஈயின் வால் தேள் கொடுக்குப்போல மேலே வளைந்திருக்கும். பார்க்கத்தான் பயங்கரம், கொட்டத் தெரியாத அப்பாவி. குஞ்சுகளோ கம்பளிப்பூச்சி மாதிரி நெளியும் புழுக்கள். செத்த பூச்சிதான் அவற்றுக்குச் சாப்பாடு. அதற்காகக் கணவர் பஸ் ஜன்னலோரம் செத்துக் கிடக்கும் ஈக்களைத் தீப்பெட்டியில் சேர்த்துக் கொண்டுவருவார். ஊரில் மற்றவர்கள் பெண்டாட்டிக்குப் பூ வாங்கிப் போகிறார்கள். "நசுங்காததா பாத்து எடுத்தீங்களா?" என்று கேட்டு, பெட்டியைத் திறந்து சோதித்துவிட்டுத்தான் அக்கா வாங்கிக்கொள்வாள்.

புழு வளர்ந்ததும் மண்ணுக்குள் புகுந்து, சின்னதாக ஓர் அறை அமைத்துச் சுருண்டு படுத்துவிடும். மாதக்கணக்கில் ஓர் அசைவும் தெரியாது. போன தடவை இது அக்காவுக்குத் தாங்கவில்லை. கரண்டிக் காம்பால் லேசாகக் கிளறிப் பார்த்தாள். அறைகள் இடிந்து, பூஞ்சை பிடித்து, ஒன்றுகூட மிஞ்சவில்லை. அன்று அவள் சாப்பிடவில்லை. "இந்தத் தடவையும் போச்சுன்னா உன்னைக் கிடங்குக்கு மாத்திடுவேம்மா," என்றுவிட்டார் கூடத்தை நடத்தும் பேராசிரியை. கிடங்கில் இருப்பவை காலி பாட்டில்கள். உயிருள்ள ஒன்றுகூடக் கிடையாது.

அதனால் இந்த முறை கரண்டி, குச்சி, இடுக்கி எல்லாவற்றையும் பக்கத்து அறையில் பூட்டிவைக்கச் சொல்லிவிட்டாள். "என் கையை நானே நம்ப மாட்டேன்," என்றாள். மண் பெட்டியை மூடியிருக்கும் ஈரத்துணியை விலக்கித் தண்ணீர் தெளிப்பதோடு சரி.

நேற்று மாலை, கணவர் கூட்டிப்போக வந்த நேரம், துணியை விலக்கினால் மண் வெடித்திருந்தது. ஒரு கூட்டுப்புழு பாதி வெளியே வந்து, மீதி வர முடியாமல் நெளிந்துகொண்டிருந்தது. நெளியும், களைத்துப்போய்க் கிடக்கும், மறுபடி நெளியும். இருவரும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள்.

"பாவம், சிக்கிடுச்சு போல. லேசா இழுத்து விடவா?" கணவர் கையை நீட்டினார். அக்காவின் விரல் அதற்கு முன்பே பெட்டிக்கு மேல் வந்திருந்தது.

சட்டென்று அவருடைய இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளாலும் பற்றி, மடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள்.

"விடும்மா, வலிக்குது."

அக்கா மண்ணிலிருந்து கண்ணை எடுக்காமல் பிடியை இன்னும் இறுக்கினாள்.